ஆரிஸப்பாவும் மறதிப் பெட்டியும்

மைசூரில் சூரியன் அஸ்தமிப்பதை மனப்பூர்வமாக எதிர்த்த ஒரே மனிதர் ஆரிஸப்பாதான். வெயில் இறங்கியதும் யாராவது விளக்கு ஸ்விட்சைத் தட்டிவிடுவார்களே என்று நாலு மணிக்கே வராந்தாவில் காவல் நிற்க ஆரம்பித்துவிடுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தங்கியிருந்த ஆண்கள் விடுதியில் அவர்தான் சீனியர். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளிக்காரர், நடுவயது பிரம்மச்சாரி, நஞ்சன்கூடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அறையை விட்டு யார் வெளியே வந்தாலும் "லைட் ஆரிஸப்பா!" என்று கன்னடத்தில் கத்துவார். விளக்கை அணைத்துவிட்டு வா என்று அர்த்தம். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அப்பா அம்மா வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

செய்தித்தாளைத் தெருவிளக்கின் கீழே நின்று படிப்பார். ஆயுத பூஜையன்று விடுதியிலிருக்கும் எல்லா ஸ்விட்சுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார், ஆனால் ஆஃப் பக்கத்தில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அரண்மனைக்கு மொத்தமாக விளக்குப் போடுவார்களே, அன்றைக்கு அந்தத் திசைக்கே கும்பிடு. ஒருமுறை நாங்கள் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனோம். அத்தனை பல்பும் ஒரே நேரத்தில் எரிந்ததும் கூட்டம் "ஹோ" என்று கத்தியது. இவர் நேராகக் காவலாளியிடம் போய், "ஏனுங், இத்தனையும் அணைக்கறதுக்கு ஆள் இருக்கறாங்களா? நான் வேணா ஒரு கை பிடிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

இந்த மனிதர் இருந்த இடத்துக்குத்தான் பக்கத்து அறை சேகர் ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்தான். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொடுத்தது. ஹாலில் டிவியோடு சேர்த்து வைத்தோம். ஒரு ஞாயிறு, பெட்டியை அணைக்காமல் எல்லோரும் சாமுண்டி மலைக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது ஹால் முழுக்கக் கருகல் வாசனை. வாசலில் வார்டன்.

"தானாவே ஆஃப் ஆகற மாதிரி ஏதாச்சும் செய்ங்க. இல்லேன்னா இந்தப் பெட்டியே பேடா, வேண்டவே வேண்டாம், எடுத்துட்டுப் போங்க."

ஆரிஸப்பா பிறந்ததிலிருந்து காத்திருந்த வாக்கியம் இது. அன்றைக்கே பெட்டியைப் பிரித்துப் போட்டார். இரண்டு முறை ஷாக் அடித்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையை உதறிக்கொண்டே, ஏதேதோ கம்பிகளை இழுத்து, ஒரு சோப்பு டப்பாவுக்குள் தன் சர்க்யூட்டைப் பொருத்திவிட்டார். பத்து நிமிஷம் யாரும் ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை என்றால் பெட்டியும் டிவியும் சேர்ந்து அணைந்துவிடும். எத்தனை நிமிஷம் என்பதைப் பட்டன் அழுத்தி வைக்கவேண்டும். அதை நினைவில் வைத்திருக்க உள்ளே வாட்ச்சில் போடுகிற மாதிரி ஒரு செல். வேலை முடிந்த அன்று யாரையும் விளையாட விடவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து, அது அணைவதைப் பார்க்கச் சொன்னார். அணைந்ததும் தானே கைதட்டினார்.

அந்த மாதம்தான் நான் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அப்பா அப்போதுதான் நெஞ்சுவலியிலிருந்து தேறியிருந்ததால் ஊருக்குச் சொல்லவில்லை. பகலெல்லாம் விடுதி காலி. மெஸ் பையன் வைத்துவிட்டுப் போகும் தட்டையும் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டு கிடப்பேன். தனிமை என்னைத் தின்றது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் வேலையை உதறிவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

சேகர்தான் வார்டனிடம் கெஞ்சி டிவியையும் பெட்டியையும் என் அறைக்குத் தூக்கிவந்தான். சாயங்காலமானால் அறை நிறைந்துவிடும். ஆட்டம் கொஞ்சம், அரட்டை நிறைய. அங்கேதான் வந்தது வினை. அரட்டை சூடு பிடிக்கும்போது ஜாய்ஸ்டிக்கை எவன் தொடுவான்? பத்து நிமிஷத்தில் திரை இருண்டுவிடும். படம் விட்டுவிட்ட மாதிரி எல்லோரும் லுங்கியை உதறிக்கொண்டு எழுந்து, "சரி மச்சி, ரெஸ்ட் எடு" என்று போய்விடுவார்கள். மறுபடி நானும் மின்விசிறியும்.

"அண்ணே, அரைமணி நேரமா மாத்தி வைங்களேன்" என்று ஆரிஸப்பாவிடம் கேட்டேன்.

"அதெப்படிக் கண்ணு? வார்டனுக்குச் சொல்லு குடுத்திருக்கறேன். சும்னே, வெட்டியாக் கரண்டு போகும்." முகத்தில் ஈரமே இல்லை. மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

மறுநாள் அந்தப் பெட்டி அணையவில்லை. அரட்டை அது பாட்டுக்கு ஓடியது. மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போயிற்று என்று சமையல்காரர் வந்து கத்தும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆரிஸப்பா பாய்ந்துவந்து சோப்பு டப்பாவைத் திறந்தார். பத்து என்று வைத்தது பூஜ்யமாகியிருந்தது. அணையவே வேண்டாம் என்று அர்த்தம்.

"அட இதென்ன கொடுமை! பெட்டிக்கு மறதி வந்துபோட்டுதே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பத்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் பூஜ்யம்.

பிறகு தினமும் இதே வைத்தியம்தான். புதுச் செல் போட்டார். வோல்டேஜைப் பழித்தார். எறும்பு புகுந்திருக்கும் என்று டப்பாவைச் சுற்றி மஞ்சள் தூவினார். சேகர் திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டான். எதற்கும் மசியவில்லை.

"எரியவிட்டுப் பாத்தாத்தானே கோளாறு தெரியும்?" என்று ஆரிஸப்பா ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்வார். கோளாறு பிடிபடும் வரை பெட்டி எரியும். பெட்டி எரியும் வரை கூட்டம் இருக்கும். ஒருநாள் வார்டனே வந்துவிட்டார்.

"ஏனு, இன்னும் ரெடி ஆகல்லையா?"

"செக்கிங் நடந்துட்டிருக்குதுங். நீங்களும் உக்காந்து ஒரு ஆட்டம் போடுங், எங்க நிக்குதுன்னு பாத்தர்லாம்."

உட்கார்ந்த வார்டன் கார் பந்தயத்தில் சேகரிடம் மூன்று முறை தோற்று, ஆத்திரம் தாங்காமல் மறுநாளும் வந்தார். பெட்டியை எடுக்கும் பேச்சை அவரே விட்டுவிட்டார். ஊருக்குப் போகும் யோசனையை நானும் எப்போதோ மறந்திருந்தேன்.

ஒரு மத்தியானம், மழை மூட்டம். அறை இருட்டாக இருந்ததால் விளக்கைப் போட்டபடியே கண்ணை மூடிக் கிடந்தேன். யாரோ கதவைப் பூனை மாதிரி திறந்தார்கள். அரைக்கண்ணால் பார்த்தால், தொழிற்சாலையில் இருக்கவேண்டிய ஆரிஸப்பா. நான் தூங்குகிறேனா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார். சோப்பு டப்பாவைத் திறந்தார். நகத்தால் செல்லை நெம்பி எடுத்தார். சட்டையில் துடைத்தார், பெட்டிக்குப் பத்து மறந்துபோகிற வரை கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார், மறுபடி போட்டு மூடினார்.

போகிற வழியில், பழக்க தோஷம், கை ஸ்விட்சுக்குப் போனது. அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டு, விளக்கை எரியவிட்டுவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல அலறினார். "பாரு, மறுக்கா மறந்துபோட்டுது!"

"ஆமாண்ணே, என்ன கோளாறுன்னே புரியல" என்றேன்.

"கண்டுபிடிச்சர்லாம் கண்ணு. அதுக்கென்ன அவசரம்?"

மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்குப் பெட்டி மறுபடி ஹாலுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒருநாள்கூட அது எதையும் மறக்கவில்லை. பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம். "இப்பத்தான் செல்லு செட் ஆயிருக்குதுங்" என்று வார்டனிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அறையை விட்டு வெளியே வந்தேன். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து விடுதி அதிர ஒரு குரல் வந்தது.

"லைட் ஆரிஸப்பா!"

படுத்திருந்த அத்தனை நாளும் என்னிடம் மட்டும் அவர் அதைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நொண்டிக்கொண்டே திரும்பிப் போய் அணைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த இருட்டு வசதியாக இருந்தது.