ஒன்பதே காலுக்குப் பார்த்த பின்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. காரியம் நடப்பதற்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள். நடந்து முடிந்த பிறகு மூட மாட்டார்கள். பால் பொங்கி அடுப்பை அணைத்த பிறகு, கடைசி பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகு, பார்த்துப் பார்த்து வாங்கிய வீட்டுச் சுவரில் கோடு விழுந்த பிறகு, மெதுவாக வந்து பக்கத்தில் நிற்பார்கள். தொண்டையைச் செருமுவார்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லியிருப்பார், உங்களுக்குத்தான் காது சரியில்லை.

அலுவலகத்துக்கு ஒருவர், தெருவுக்கு இரண்டு பேர் என்று இந்த இனம் எங்கும் பரவிக் கிடக்கிறது. அதில் நன்றாக விளைந்த ஒருவர் சாலைத் துறையில் ஓவர்சீயராக இருந்தார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அப்பவே சார்'. முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அந்தப் பெயர் வரும் என்றும் அவருக்கு முன்கூட்டியே தெரியுமாம்.

அவருடைய தொழில்முறை நுணுக்கமானது. யாராவது ஒரு திட்டத்தோடு வந்தால், நல்லது என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "ம்... பாப்போம்" என்பார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு வசதி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காரியம் ஜெயித்தால் அது ஆசீர்வாதம். தோற்றால் அது எச்சரிக்கை. எழுத்தில் கேட்டால் அதற்கும் ஒன்று வைத்திருந்தார். எந்தக் காகிதமாக இருந்தாலும், கீழே குறிப்பு என்ற இடத்தில், அழகான கையெழுத்தில் 'கவனத்துடன் செய்யவும்' என்று எழுதிக் கையொப்பம் போடுவார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் வேறு எதுவும் எழுதியதாக யாருக்கும் நினைவில்லை.

வீட்டில் அவர் மனைவி தன்னால் ஆன தற்காப்பைச் செய்துகொண்டிருந்தார். மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, எந்தப் பக்கத்து அறையை வாடகைக்கு விடுவது என்று எது வந்தாலும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடும்படி கெஞ்சுவார். அவர் மின்விசிறியைப் பார்ப்பார். பாப்போம் என்பார்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த ஓடைப் பாலம் வந்தது.

ஊருக்கு வெளியே, சாலையின் குறுக்கே ஓர் ஓடை. மேலே இருந்த பழைய பாலத்தைப் போன மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூட வேன் பதினொரு கிலோமீட்டர் சுற்றிப் போனது. நடந்து போகிறவர்கள் இரண்டு பலகைகளின் மேல் ஒருவர் பின் ஒருவராகக் கடந்தார்கள். புதிதாக வளைவுப் பாலம் கட்ட உத்தரவாயிற்று. கான்கிரீட் வளைவு என்றால், அது இறுகும்வரை அடியில் ஏதாவது தாங்கிப் பிடிக்க வேண்டும். வழக்கமாக மரத்தை வளைத்து, பலகை அடித்து, முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். இறுகிய பிறகு உடைத்துத்தான் எடுக்க முடியும். அடுத்த பகுதிக்கு மறுபடி முதலிலிருந்து.

வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒரு பெண்மணி இதற்கு வேறு வழி கண்டுபிடித்திருந்தார். வளைந்த இரும்புத் தகடுகளைக் கீல் வைத்து இணைத்து, உள்ளே குறுக்காகத் திருகுக் கம்பிகள் கொடுத்து, அடியில் சக்கரமும் வைத்து ஓர் அச்சு செய்திருந்தார். திருகை இறுக்கினால் விரிந்து வளைவாக நிற்கும். மேலே கான்கிரீட் இறுகியதும் திருகைத் தளர்த்தினால் பக்கங்கள் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். அப்படியே உருட்டி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி விரிக்க வேண்டியதுதான். வேலையாட்கள் அதற்குக் 'குடை' என்று பெயர் வைத்தார்கள். பட்டறைக்காரம்மா தகரத்தில் ஒரு சின்ன மாதிரி செய்து எடுத்துப்போய், பெரிய இன்ஜினியரின் மேஜைமேல் மடக்கிக் காட்டி, விரித்துக் காட்டி, மறுபடி மடக்கிக் காட்டினார். இன்ஜினியருக்குப் பிடித்துவிட்டது. இந்தப் பாலத்தின் ஆறு பகுதிகளும் ஒழுங்காக வந்தால், மழையில் போன மற்ற ஒன்பது பாலங்களும் இந்தக் குடையை வைத்துத்தான் என்றார். வராவிட்டால் குடையைப் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மேற்பார்வைக்கு யார்? நம் ஓவர்சீயர்தான்.

அவர் குடையை மூன்று முறை சுற்றி வந்தார். ஒரு கீலை விரலால் தட்டினார். பாப்போம் என்றார். அன்று மாலைக்குள், டீக்கடையில் நான்கு பேரிடமும் அலுவலகத்தில் ஆறு பேரிடமும், மடங்குவதற்கென்றே செய்த சாமான் மடங்காமல் நிற்குமா என்று ஒரு கேள்வியை மட்டும் போட்டுவைத்தார். பதில் சொல்லவில்லை. பதில் சொல்வது அவர் வேலையல்ல.

முதல் பகுதி வந்தது. நான்காம் நாள் குடையை மடக்கி வெளியே உருட்டினார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வளைவு வழுவழுவென்று இருந்தது. இரண்டாம் பகுதி, அதைவிட நன்றாக. மூன்றாம் பகுதியின்போது பெரிய இன்ஜினியரே வந்து, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, பட்டறைக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை பாராட்டிப் பேசிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற ஓவர்சீயருக்கு அது பிடிக்கவில்லை. அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவருக்கும் அவர் கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் பத்துப் பேரிடம் போட்டுவைத்த கேள்வி அப்படியே கிடக்கிறது. டீக்கடையில் ஒருவன், என்ன சார், குடை நிக்குதே என்று வேறு கேட்டுவிட்டான். மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்?

நான்காம் பகுதிக்கு நாள் குறித்தார்கள். குடைக்கு அடியில் போய்த் திருகுகளை முடுக்குவது பட்டறைக்காரம்மாவின் கணவர். அந்தப் பட்டறையின் ஃபிட்டர் அவர்தான். எட்டுக் குறுக்குக் கம்பிகள். ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் இரும்புப் பின். அந்தப் பின் அதிர்வில் நழுவாமலிருக்க அதன் துளையில் ஒரு சின்னக் கிளிப். ஏழுக்குக் கிளிப் மாட்டிவிட்டு, எட்டாவது கம்பியை இன்னும் அரைச் சுற்று முடுக்க வேண்டும் என்று விட்டிருந்த நேரத்தில், கலவை மிஷின் ஓடவில்லை என்று மேலேயிருந்து கூப்பிட்டார்கள். ஃபிட்டர் வெளியே போனார்.

ஓவர்சீயர் சோதனைக்கு உள்ளே போனார். அப்போது மணி ஒன்பதே கால்.

டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பின்னாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசிப் பின்னிடம் நின்றார். கிளிப் இல்லை. அவர் கண் கெட்டிக்காரக் கண். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வெளியே தலையை நீட்டி, இங்கே ஒரு கிளிப் விட்டுப்போச்சு என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஃபிட்டர் ஓடிவந்து மாட்டியிருப்பார். நல்லவேளை சார் என்றிருப்பார். அவ்வளவுதான். ஒன்றும் நடந்திருக்காது. அதுதான் சிக்கல். நடக்காத ஒன்றைப் பற்றி எந்த டீக்கடையில் போய்ச் சொல்வது? அந்தப் பின் லேசாக நழுவினால் வளைவு ஓரிடத்தில் கொஞ்சம் பிதுங்கும், செதுக்கிச் சரிசெய்துவிடலாம். அவருக்கு அது போதும். சின்னதாக ஒரு பிதுக்கம். மேலும், டீ குடித்துவிட்டு வந்து சொன்னால்கூட நேரம் இருக்கிறது. இப்படியெல்லாம் அவர் நினைத்தாரா என்றால், வார்த்தை வார்த்தையாக நினைக்கவில்லை. டார்ச்சை அணைத்தார். வெளியே வந்து காகிதத்தில் 'கவனத்துடன் செய்யவும்' என்று எழுதிக் கையொப்பம் போட்டார். டீ குடிக்கப் போனார்.

பத்து மணிக்குக் கான்கிரீட் ஆரம்பித்துவிட்டார்கள்.

மிஷினோடு மல்லுக்கட்டிய ஃபிட்டருக்கு எட்டாவது கம்பி நினைவிலிருந்து போய்விட்டது. கலவை ஏற ஏற, அதைக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டரின் அதிர்வில் குடை முழுக்க உறுமியது. பத்தரை மணிக்கு உள்ளே ஏதோ டிக்கென்று சத்தம் கேட்டதால், ஃபிட்டர் குனிந்து உள்ளே போனார். அவர் போய்ச் சேர்வதற்கும் அந்தப் பின் கழன்று விழுவதற்கும் சரியாக இருந்தது. இடது பக்கத் தகடு கீலில் மடங்கி, மேலேயிருந்த ஈரக் கான்கிரீட்டையும் இழுத்துக்கொண்டு அவர் தோள்மேல் இறங்கியது.

பட்டறைக்காரம்மாதான் முதலில் குதித்தார். நான்கு பேர் கடப்பாரையால் தகட்டை நெம்பிப் பிடிக்க, கணவரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். காறை எலும்பும் இரண்டு விலாவும் முறிந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை. அவரைப் பலகையில் கிடத்தி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கரையில் நின்ற ஓவர்சீயரின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தும்மல்போல வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்."

பட்டறைக்காரம்மா வேனின் கதவைப் பிடித்தபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் விசாரணை. அலுவலகத்தின் நீளமான அறை, நடுவில் மேஜை, ஒரு தலையில் பெரிய இன்ஜினியர். தோண்டியெடுத்த இரும்புப் பின் மேஜைமேல் கிடந்தது, கிளிப் கிடைக்கவில்லை. மாட்டிய கிளிப் அதிர்வில் உடைந்ததா, மாட்டவே இல்லையா? உடைந்தது என்றால் குடையின் அமைப்பே பலவீனம், கதை முடிந்தது. மருத்துவமனையிலிருந்த ஃபிட்டருக்கு, அடிபட்ட அன்று காலையில் நடந்த எதுவும் தெளிவாக நினைவில்லை. இன்ஜினியர் வருத்தத்தோடுதான் பேசினார். நிச்சயமாகத் தெரியாத நிலையில் மறுபடி மரத்துக்கே போவதுதான் பாதுகாப்பு என்றார். பட்டறைக்காரம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரும்புப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓவர்சீயர் அந்த இடத்தில் சும்மா இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பழி குடைக்கு, அவருக்கு வெற்றி. ஆனால் இன்ஜினியர் அந்தச் சோதனைக் காகிதத்தை எடுத்து, 'கவனத்துடன் செய்யவும்' என்பதைப் படித்துவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்? எல்லாத்துலயும் இதைத்தானே எழுதறீங்க" என்று கேட்டுவிட்டார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்க முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பா?

"அர்த்தம் இல்லாம எழுதுவனா சார்?" என்று அவர் எழுந்து நின்றார். "எட்டாவது பின்னுல கிளிப் இல்ல. நான் என் கண்ணால பாத்தேன். அதை மனசுல வெச்சுத்தான் எழுதினேன்."

சிரிப்பு நின்றது.

"எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" என்றார் இன்ஜினியர்.

"ஒம்பதே கால்." குரலில் இன்னும் பெருமை இருந்தது. மணியைக்கூடச் சரியாகச் சொல்கிறாரே.

பட்டறைக்காரம்மா மேஜைமேல் கிடந்த பின்னை எடுத்து, அதன் துளையைப் பார்த்து, மறுபடி வைத்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"யார்கிட்ட சொன்னீங்க சார்?"

ஓவர்சீயர் வாயைத் திறந்தார். இன்ஜினியரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கேள்வியை ஒருவர் நேருக்கு நேர் கேட்டிருக்கிறார். பதில் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஃபிட்டருடைய இடது கையும் விலாவும் கட்டோடு கிடக்கும் படுக்கை அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டார்.

குடை பிழைத்தது. கிளிப் மறந்தது ஃபிட்டரின் தவறு. பார்த்தும் சொல்லாதது யாருடைய தவறு என்று தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை. ஓவர்சீயரைப் பணியிடத்திலிருந்து எடுத்து, பழைய வரைபடங்கள் அடுக்கியிருக்கும் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். அங்கே எதுவும் நடப்பதில்லை. அதனால் நடந்த பிறகு சொல்வதற்கும் எதுவும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்த அம்மாள் தட்டை வைத்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்தார். ஓவர்சீயருக்குத் தாங்கவில்லை.

"ஏதாவது சொல்லேன்" என்றார்.

"நான் என்னத்தைச் சொல்ல? முதல்ல அந்த மனுஷனைப் போய்ப் பாத்துட்டு வாங்க."

போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையில் ஒரு பை பழத்தோடு படுக்கை ஓரமாக அரைமணி நேரம் நின்றார். ஃபிட்டர் நல்ல மனிதர். நானும்தானே மறந்தேன், விடுங்க சார் என்றார். திரும்பும்போது ஓவர்சீயரின் கண் கலங்கியிருந்ததைப் பட்டறைக்காரம்மா பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டாரே தவிர, உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் பாலம் முடிந்தது. பின்னோடு கிளிப்பைச் சங்கிலியில் கோத்துவிட்டார் பட்டறைக்காரம்மா. மாட்டாமல் விட்டால் தொங்கிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். பள்ளிக்கூட வேன் நேராகப் போனது. குடை அடுத்த ஓடைக்கு உருண்டது. நம் ஓவர்சீயர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். திருந்தினார், ஏறக்குறைய ஒரு வருஷம். பிறகு ஒருநாள், ஒன்பது பாலங்களில் மூன்றாவதும் பழுதில்லாமல் வந்த செய்தி பின்பக்க அறைக்கு எட்டியபோது, வரைபடத்தின் தூசியைத் தட்டிக்கொண்டே எதிர் மேஜைக்காரரிடம் சொன்னார்: "அந்தச் சாமான் நிக்கும்னு எனக்கு முதல் நாளே தெரியும். கீலைத் தட்டிப் பாத்தவன் நான்தானே."

சரி, நீங்கள் சொல்லுங்கள். டார்ச்சை அணைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனாரே, அந்த இடத்திலேயே, இது விழத்தான் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது இல்லையா? விசாரணையில் தன் வாயாலேயே மாட்டிக்கொள்வார் என்றும் ஊகித்திருப்பீர்கள். இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் இந்தப் பக்கத்தை நீட்டி, "பாதி படிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறதா? கொஞ்சம் ஜாக்கிரதை. இது ஒட்டிக்கொள்ளும் வியாதி. பிறகு, நான் முன்னாலேயே சொல்லவில்லை என்று என்மேல் குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள்.