மாமனார் வந்த கப்பலும் இரண்டு படாக் கட்டைகளும்

பேச ஆள் இல்லாத மனிதன் கையில் ரம்பத்தைக் கொடுக்கக் கூடாது. எதையாவது அறுப்பான். அறுத்ததை எங்காவது பொருத்திப் பார்க்காமல் ஓயமாட்டான். நான் பொருத்திப் பார்த்த இடம் ஒரு காரின் அடிவயிறு.

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் டிராப்ட்ஸ்மேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு எடுத்த லீவு தீர்ந்ததும் நான் மட்டும் கப்பலேறிவிட்டேன். குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு என் மனைவி கோமதியை அனுப்புவதாகப் பேச்சு. அவளோடு பேசியதைவிட அவளுக்கு எழுதியதுதான் அதிகம்.

மின்னி பே பகுதியில் குவார்ட்டர்ஸும் கிடைத்தது, மாமனார்தான் அவளை அனுப்ப யோசித்துக்கொண்டிருந்தார். கடல் தெரிகிற வராந்தா, அதில் ஒரே ஒரு நாற்காலி. மெயின்லேண்ட் கப்பல் வரும் நாள்தான் ஊருக்குத் திருவிழா. எல்லாரும் பாலம் தாண்டி சாத்தம் தீவு ஜெட்டிக்குப் போய்விடுவார்கள். எனக்கு யாரும் வரவில்லை என்று தெரிந்தும் நானும் போவேன். இறங்கியவர்களில் யாராவது கூலிக்காரரோடு தமிழில் சண்டை போட்டால் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். (சண்டைதான், ஆனாலும் தமிழ் இல்லையா?)

அந்தச் சமயத்தில்தான், மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியின் பழைய இங்கிலீஷ் கார் என்னிடம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவுவேன். கழுவும்போது பேசுவேன். பதில் வராது என்பதைத் தவிர நல்ல துணை. ஒரே குறை, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிஸ்வாஸ் பாபு ஒருநாள் பல் துலக்கியபடியே அதைச் சுற்றி வந்தார்.

"தாதா, யே காடி ஹை யா முர்கி?"

அண்ணே, இது காரா கோழியா என்கிறார். அதன்பிறகு எனக்கும் அது கோழியாகவே தெரிந்தது.

இந்த நிலையில் மாமனாரிடமிருந்து செய்தி வந்தது. கோமதியை அவரே கூட்டி வருகிறாராம். இடம் மனசுக்குப் பிடித்தால் விட்டுவிட்டுப் போவாராம், பிடிக்காவிட்டால் அதே கப்பலில் திரும்பக் கூட்டிப் போய்விடுவாராம். அவருக்கு அந்தமான் இன்னும் ஆயுள் கைதிகள் ஊர்தான்.

நியாயமாக நான் வீட்டுக்கு இன்னொரு நாற்காலி வாங்கியிருக்க வேண்டும். எனக்கோ அபர்தீன் பஜார் சலூனில் தொங்கிய காலண்டர் கார் ஞாபகம் வந்தது. தரையோடு தரையாகப் பதுங்கிய வெளிநாட்டுக் கார். அப்படி இறக்கிவிட்டால் மாமனார் அசந்துபோவார் என்று முடிவு செய்தேன்.

விஷயம் இதுதான். என் காரில் பின்சக்கரங்களின் அச்சு, வளைந்த ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகினால் பட்டையும் அதோடு பிணைந்த காரும் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். இரும்பில் செய்ய வேண்டியதை நான் மரத்தில் செய்தேன். சாத்தம் மர மில்லில் கழித்துப்போட்ட படாக் என்கிற சிவப்பு மரத் துண்டுகளை ஊரே அடுப்பெரித்துக்கொண்டிருந்தது. இரண்டு நல்ல துண்டுகளைத் தேடி எடுத்து, வராந்தாவில் உட்கார்ந்து அறுத்தேன், இழைத்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பட்டையின் போல்ட் தலை உட்கார அடியில் குழி குடைந்தேன். அச்சு நகராமல் பிடித்துக்கொள்ள மேலே ஒரு முளை வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பதிலாக வார்னிஷ் அடித்தேன். ஒரு ஜீவனும் பார்க்கப் போகாத இடத்துக்குக் கோட் மேல் கோட்டாக. கோமதிக்கே பரிசு செய்கிறவன் மாதிரி.

அந்த வருடத்தில் நான் கடலை மறந்து இருந்தது அந்தச் சில மாலைகள்தான்.

கட்டையையும் சேர்த்துக் கவ்வ நீளமான போல்ட் வேண்டும். ஜங்லிகாட் பகுதியில் பட்டறை வைத்திருந்த அப்பாராவிடம் போனேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் விரலால் காட்டிய அளவைப் பார்த்து "ஹோ ஜாயேகா" என்றார். ஆகிவிடும் என்று அர்த்தம். அந்தத் தீவில் அந்த வார்த்தையை நம்பித்தான் எல்லாமே நடந்தது.

மாட்டி முடித்ததும் கார் உண்மையாகவே அழகாகத் தெரிந்தது. பிஸ்வாஸ் பாபு தலையாட்டினார். "அப் டீக் ஹை. முர்கி பைட் கயி." கோழி உட்கார்ந்துவிட்டதாம்.

கப்பல் வந்தது. கோமதி இறங்கினாள். இத்தனை மாதம் மனசில் சேர்த்துவைத்த பேச்சில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "கப்பல்ல வாந்தி வந்துச்சா?" என்று கேட்டேன். "வந்துச்சு" என்றாள். (எங்கள் காதல் வசனம் முழுவதும் அவ்வளவுதான்.)

அவள் பின்னால் மாமனார், அவர் பின்னால் அரிசி மூட்டை, அதற்கும் பின்னால் இரண்டு பேர் தூக்கி வந்த ஆட்டுக்கல். "இங்க கெடைக்குமோ என்னமோன்னு கொண்டாந்தேன், மாப்பிள்ள." எல்லாம் டிக்கியில் ஏறின. கனத்த சரீரத்தோடு அவர் பின்சீட்டில் ஏறினார். கார் பெருமூச்சு விட்டுக் குனிந்தது.

சாத்தம் பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு. 'டக்' என்று ஒரு சத்தம். வழவழ வார்னிஷில் ஒரு பக்கத்து அச்சு வழுக்கிப் பின்னால் போய்விட்டது. நான் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க, கார் நண்டு மாதிரி கடல் பக்கம் நகர்ந்தது.

"மாப்பிள்ள, ரோடு அங்கன இருக்கு. நீங்க எங்க போறீய?"

"நேராத்தான் போறேன் மாமா."

நடுப்பாலத்தில் மறுபக்கமும் நழுவியது. மட்கார்டு டயர்மேல் உட்கார, ரப்பர் தீய்ந்து புகை எழும்பியது. பின்னால் மர லாரி, அதன் பின்னால் பஸ், அதன் பின்னால் கப்பலில் வந்த மொத்த ஜனமும். மாமனாரை இறக்கினார்கள், மூட்டையை இறக்கினார்கள், ஆட்டுக்கல்லை இறக்கினார்கள். லாரிக்காரர்கள் சேர்ந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கியபோது சிவப்பாக, பளபளவென்று ஒரு கட்டை உருண்டு மாமனார் காலடியில் நின்றது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"என்னது இது?"

"கட்டை, மாமா. கார் கொஞ்சம் தாழ்வா இருக்கட்டும்னு..."

"இதுக்கு வார்னிஷ் வேறயா?"

கோமதி ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்து பாலத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி என்ன தெளிவா இருக்கு. மீனெல்லாம் தெரியுது பாருங்க" என்றாள். அவளுக்கு இடம் பிடித்துவிட்டது. கேட்டுக்கொள்ள வேண்டியவர் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் திரும்பும் நாளில் அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். "இன்னும் கொஞ்ச காலம் போகட்டும், மாப்பிள்ள. ஒங்களுக்கு வெளையாட்டு புத்தி மாறட்டும்." கப்பல் தட்டில் அப்பா பக்கத்தில் நின்றதால் கோமதி கையைப் பாதிதான் தூக்கினாள். நான் முழுவதும் தூக்கினேன். கப்பல் மறைந்த பிறகும் இறக்கவில்லை. வீட்டில் ஆட்டுக்கல் இருந்தது. தனி ஆளுக்கு யார் மாவு ஆட்டுவார்கள்? மாலையில் அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. அதற்கப்புறம் அப்பாவிடம் சண்டை போட்டு, ஊர்க் குடும்பம் ஒன்றோடு கோமதி தானாகவே கப்பலேறி வந்தாள். பஸ்ஸில் போனோம்.

"கார் எங்க?"

"வித்துட்டேன்."

"கட்டை?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"வார்னிஷுக்கு நல்லா எரிஞ்சிருக்கும்" என்றாள். நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

'மாப்பிள்ளை தன் குடித்தனத்துக்குத் தானே கட்டை போட்டுக்கிட்டார்' என்று மாமனார் கோவில்பட்டி முழுக்கச் சொல்லி வைத்தார். இன்றைக்கும் வீட்டில் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வந்துவிடும். சொல்லச் சொல்ல அது வளரவும் செய்தது. அளவு மிஞ்சினால் கோமதி அடுக்களையிலிருந்து திருத்துவாள். அவள் போனபின் திருத்த ஆள் இல்லை. போன பொங்கலுக்கு என் மகள் சொன்னபோது, கார் பாலத்தை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்துவிட்டது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு பேரன் என் பக்கம் திரும்பினான்.

"தாத்தா, கொள்ளுத் தாத்தாவுக்கு நீச்சல் தெரியுமா?"

அன்று அந்தக் காரில் இருந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.

"நல்லாவே தெரியும்" என்றேன்.