மீனுக்கு மேலை தேசிக்காய்

“அதிலையே நில்லுங்கோ. கிட்ட வரவேண்டாம்.”

றெஜி போர்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சிமியோன் கட்டிலுக்கு நாலடி தள்ளி, இளநீரும் கையுமாக நின்றான்.

விடியற்காலையில் நண்டு வலை இழுத்து, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, குருநகரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தான். நோயாளரைப் பார்க்க விடும் நேரம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை. வழக்கமாக அந்த ஒரு மணி நேரமும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பான். அதைவிட அவனால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. புற்றுநோய் ஈரல்வரை போய்விட்டது, இனி நாட்கள்தான் என்று டொக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“உங்களிலை மீன் மணம். வயித்தைப் பிரட்டுது,” என்றாள் றெஜி.

முப்பது வருடம் இந்த மணத்தோடுதானே இருந்தாய் என்று கேட்க வாய்வரை வந்தது. மருந்து செய்கிற வேலை என்று அடக்கிக்கொண்டான்.

வழியையும் அவளே சொன்னாள். அடுத்த கட்டில்காரியின் தங்கை ஸபூரா வீட்டிலேயே வாசனைத் தைலம் செய்கிறாளாம். ஐந்துசந்திக்குப் பின்னால் வீடு. விலை, கடையில் கேட்பதில் கால்வாசியும் வராதாம். பிந்திப் போனால் கதவைச் சாத்திவிடுவாள், இப்போதே போங்கள் என்று துரத்தினாள்.

ஸபூரா வீட்டில் பெயர்ப்பலகை இல்லை. சமையலறை மேசையில் கண்மருந்துப் போத்தல் அளவில் வரிசையாகச் சின்னப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி, பேனையால் ஒரு பெயர்: ‘முதல் மழை’, ‘நீர்வேலி வாழைப்பூ’, ‘கழுவின சேட்டு’. புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் ஓர் அத்தர்க்காரரிடம் கற்றதை வைத்து அவளே கலந்து, அவளே பெயர் வைத்தவை. சிமியோன் அசந்துபோனான். வெளிநாட்டுப் பெட்டியில் வருவதுதான் வாசனை என்று நினைத்திருந்தவனுக்கு, தேநீர்க்கடைப் பணிஸ் ஒன்றின் விலைக்கு முதல் மழை கிடைக்கும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

வெறும் வயிற்றில் மூக்கு சரியாக வேலை செய்யாது என்று சொல்லி, ஸபூரா முதலில் ஒரு கோப்பைச் சோறும் பருப்பும் வைத்தாள். இந்தத் தொழிலின் முறை போலும் என்று சிமியோன் மறுக்காமல் சாப்பிட்டான். பிறகுதான் முகர்ந்தான்.

அடுத்த நாள் தேசிக்காய் வாசனையோடு போய், பெயர் ஒட்டிய போத்தலையும் எட்ட நின்றே அவளுக்குக் காட்டினான்.

“மீனுக்கு மேலை தேசிக்காய் பிழிஞ்ச மாதிரிக் கிடக்கு,” என்றாள் றெஜி. “கொஞ்சம் மிளகாய்த்தூளும் போட்டால் உங்களைப் பொரிக்கலாம்.”

அடுத்த கட்டில்காரி சிரித்துவிட்டாள். பத்து நிமிடத்தில் சிமியோன் மறுபடி ஐந்துசந்தியில் நின்றான். மறுபடி சோறு. இந்த முறை கணவாய்க் கறி.

மல்லிகைப் போத்தலைக் காட்டிய நாள் அதைவிட மோசமாகப் போனது.

“செத்தவீடு மணக்குது. எனக்கு இன்னும் நேரம் கிடக்கு.”

அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அகில் தைலம் கொஞ்சம் கூடிப்போய் வார்டு முழுவதும் இருமியது. தாதி தனுஷா ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவனைக் கதவோரம் நிற்கவைத்தாள். துறையிலும் வில்லங்கம். வியாபாரி லியோன் அவனுடைய நண்டொன்றைத் தூக்கி முகர்ந்தான்.

“உந்த நண்டு சென்ற் பூசிக்கொண்டு ஆரின்ரை கலியாணத்துக்கு வெளிக்கிட்டது?”

கேட்டுவிட்டு அதைக் கூடையிலேயே திரும்ப வைத்தான். பக்கத்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராக முகர்ந்துவிட்டு விலகினார்கள். அதோடு சிமியோன் கடலுக்குப் போவதையே நிறுத்தினான். வலையைத் தொடாமல் மூன்று நாள் இருந்தால் மணம் போய்விடும், கிட்ட விடுவாள் என்று நம்பினான்.

“இன்னும் மணக்குது. ஸபூராட்டைப் போங்கோ,” என்றாள் றெஜி, கண்ணைத் திறக்காமலே. அவள் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது.

கோயிலில் புனித யாகப்பர் சொரூபத்தின் முன் முழந்தாளிட்டான். அவளைக் குணமாக்கு என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. கிட்டப் போகவிடு என்று மட்டும் கேட்டான். பக்கத்து வாங்கில் இருந்தவர் தும்மிவிட்டுப் பின்வரிசைக்குப் போனார்.

பத்தாம் நாள், வெயிலில் காய்ந்த சட்டை மாதிரி மணக்கும் ‘கழுவின சேட்டு’ பூசிக்கொண்டு போனான். றெஜியின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. காலையிலிருந்து அவளுக்கு நினைவில்லை. மூச்சு மட்டும் விட்டுவிட்டு இழுத்தது.

சிமியோன் திரைக்கு உள்ளேயும் நாலடி தள்ளியே நின்றான். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாத நேரம் பார்த்துக் கிட்டப் போவது, அவனுக்குக் களவு மாதிரிப் பட்டது.

தனுஷா ஒரு கதிரையைக் கொண்டுவந்து கட்டிலோடு ஒட்டிப் போட்டாள்.

“வேண்டாம் பிள்ளை,” என்றான் சிமியோன். “என்ரை மணம் அவவுக்கு ஒத்துக்கொள்ளாது.”

தனுஷா அவன் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, றெஜியின் கையை எடுத்து அவன் கைக்குள் வைத்தாள்.

“அம்மாவுக்கு இரண்டு மாசமா ஒரு மணமும் தெரியாது ஐயா, வீட்டிலை நீங்கள் அடுப்பு மூட்டிறேல்லை எண்டு, மத்தியானத்திலை ஒரு பிடி சோறாவது சாப்பிடட்டும் எண்டுதான் உங்களை ஸபூரா அக்கா வீட்டுக்குத் துரத்திக்கொண்டிருந்தவ.”