சம்பந்தி போட்ட பெயர்ப் பட்டியல்

உலகத்தின் எந்த மூலையில் ஒரு பூச்சியியல் பேராசிரியர் இருந்தாலும், அவருக்கு எங்கள் சம்பந்தியிடமிருந்து ஒரு மின்னஞ்சலாவது போயிருக்கும். போகவில்லை என்றால் அவர் பூச்சியைப் பற்றி உருப்படியாக எதுவும் எழுதவில்லை என்று அர்த்தம்.

திண்டுக்கல்லை அடுத்த ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் விரிவுரையாளர். சம்பந்தி அங்கே லேப் அசிஸ்டென்ட், சேவுகம்பட்டிக்காரர். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வெளிநாட்டில் கூட்டாளி தேடிக் கொடுப்பதை வரன் பார்க்கும் வேலையாகவே செய்ததால் வந்த பெயர் அது. ஆங்கிலத்தில் தடுமாறுவார், அட்டவணைகளில் தடுமாற மாட்டார். ஆராய்ச்சியாளர்கள் தங்கள் விவரம் போட்டு வைக்கும் இணையதளத்தைத் திறந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொருவராக அலசுவார்.

“இவரு வேணாம் சார். பேப்பருக்குப் பேப்பரு ஆள மாத்தியிருக்காரு. ஒருத்தரும் ரெண்டாவது தடவ கூட எழுதல. குடும்பம் நடத்துற மனுசனாத் தெரியல.”

“ரொம்பப் பெரிய ஆளுண்ணே இவரு.”

“அம்புட்டுப் பெரிய எடம் நமக்கு எதுக்கு? பொண்ணு கண்ணக் கசக்கிக்கிட்டு வந்து நிக்கும்.”

பொண்ணு என்றது என்னை.

என் முனைவர் பட்டப் பதிவு இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு, கடைசி ஆறு மாதத்தில் வந்து நின்றது. அதற்குள் ஒரு கட்டுரையையாவது ஏதேனும் ஆய்விதழ் ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பட்டமும் இல்லை, ஜூன் மாதத்திலிருந்து வேலையும் இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. என்னிடம் இருந்ததெல்லாம் நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் மூன்று வருடம் மொட்டுப்புழு எண்ணிய நோட்டுகள். அதைப் புள்ளியியலில் போட்டு அலச ஒரு ஆள் வேண்டும். என் வழிகாட்டிக்கு அது வராது. வராது என்று ஒப்புக்கொள்ளவும் வராது.

நாற்பது பேருக்கு எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது, விடுமுறையில் இருப்பதாக ஒரு தானியங்கிப் பதில். அதற்கும் நன்றி சொல்லி எழுதினேன்.

சம்பந்தி என் மின்னஞ்சலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “என்ன சார், தாலுகா ஆபீசுக்கு மனுப் போட்ட மாதிரி இருக்கு. அவுக எழுதுனதப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றார். பிறகு பிரேசில் பேராசிரியை ஒருவரின் கட்டுரையில் மூன்றாவது அட்டவணையைக் காட்டி, இரண்டே வரி சொல்லித் தட்டச்சு செய்யச் சொன்னார். எங்கள் பக்கம் மழை பெய்த மறுவாரம் மொட்டுப்புழு கூடுகிறது, உங்கள் பக்கம் குறைகிறதே, ஏன்?

மூன்று மணி நேரத்தில் பதில் வந்தது. இரண்டு பக்கம்.

முதல் வீடியோ அழைப்பு எங்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணி, அந்த அம்மாவுக்குக் காலை. சம்பந்தி வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். மடிக்கணினிக்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு சிறுமலைப் பழம். “மொதமொதப் பாக்குறப்ப வெறுங்கையோடயா ஒக்காருவாக?” என்றார். நான் மாதிரி அளவு பற்றித் தொடங்குவதற்குள், “அம்மாவுக்குப் பூர்வீகம் எதுன்னு கேளுங்க சார்” என்றார். கேட்டேன். அந்த அம்மாவின் அப்பா காப்பித் தோட்டக்காரராம். அரை மணி நேரம் காப்பியைப் பற்றியே பேசினார். புழுவுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. ஆனால் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார்.

நான்கு மாதம் வேலை ஓடியது. ஆன்லைனில் ஒரே கோப்பில் அந்த அம்மா ஒரு பக்கம் எழுத, நான் ஒரு பக்கம் எழுத, என் வழிகாட்டி காற்புள்ளிகளை இடம் மாற்றினார். கட்டுரையை இணையத்தில் ஏற்றும் பொறுப்பை, பத்து நிமிட வேலைதானே என்று சம்பந்தியிடம் விட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

இதழிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரை நன்று. ஆனால் மொட்டுப்புழு பற்றிய எட்டுப் பக்கத்துக்கு ஆசிரியர்கள் எப்படி இருபத்திரண்டு பேர்?

திறந்து பார்த்தேன். நான், பேராசிரியை, என் வழிகாட்டி. பிறகு எங்கள் துறையே வயது வரிசையில். தோட்டக்காரர்கள் ஆறு பேர். கொடைரோட்டு ஆட்டோக்காரர் பாண்டி. கடைசியில் சம்பந்தி.

“இது கல்யாணப் பத்திரிகையாண்ணே?”

“மூணு வருசம் அவுக தோட்டத்துல எறங்கி மொட்டப் பறிச்சோம். பேர விட்டா நாளைக்கு எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் போறது?”

பெயரைச் சேர்ப்பது சுலபம். எடுக்க வேண்டுமென்றால், எடுக்கப்படுகிறவர் ஒவ்வொருவரும் சம்மதித்துக் கையெழுத்திட்ட தாள் வேண்டும் என்றது இதழ். ஐந்து நாள் கெடு. சம்பந்தியின் பெயர் மட்டும் இருக்கலாம், மழைக் கேள்வியே அவருடையதுதானே என்று பேராசிரியை எழுதினார். அதை அவரிடம் படித்துக் காட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, பெயர் அச்சில் வரப்போவதை அவர் வீட்டில் சொல்லி, சின்ன மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

மறுநாளே சம்பந்தி விடுப்புப் போட்டு, பைக்கில் வெற்றிலை பாக்கோடு கையெழுத்து வாங்கக் கிளம்பினார். கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டுமாம். போனில் சொன்னால் மரியாதை இல்லையாம். நிலக்கோட்டை ராசுவின் தோட்டத்துக்கு மட்டும் நானும் கூடப் போனேன்.

“பூவு வேணும், பேரு வேணாமா?” என்றார் ராசு.

“நன்றின்னு ஒரு பகுதி இருக்கப்பு. அதுல பேரு, ஊரு எல்லாம் போடுறோம். இந்தா, மொதத் தாளப் பாரு” என்று கையெழுத்துக் கட்டை நீட்டினார் சம்பந்தி.

ராசு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். சம்பந்தியையும் ஒரு முறை பார்த்தார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான்காம் நாள் மொத்தக் கட்டையும் என் மேசையில் வைத்தார். எண்ணினேன். பதினெட்டு வர வேண்டியது, பத்தொன்பது இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் கிளம்பிய அன்றைத் தேதியிட்டு, சம்பந்தியின் தாள்.

“அண்ணே, ஒங்க பேரு இருக்கலாம்னுதான சொன்னாக?”

“எம் பேர வச்சுக்கிட்டு ஒம் பேர எடுக்குறேன்னா எவன் சார் கையெழுத்துப் போடுவான்?” என்றார். பிறகு, “சின்னவகிட்டதான் இன்னும் சொல்லல” என்று சொல்லிவிட்டு, சோதனைக் குழாய்களைக் கழுவப் போய்விட்டார்.

பதினெட்டுத் தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பினேன். கட்டுரை நான்கு பெயர்களோடு வெளிவந்தது. பத்தொன்பதாவது தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.