ஜன்னலறைக்கு நாலாயிரம் பாட்டு

இனி ஜன்னலறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பட்டியல்காரர் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோது. பெரிய முடிவுகளை அவர் பாதி முகத்தில் நுரையோடுதான் எடுப்பார். மறுபாதியை மழிப்பதற்குள் அவை கரைந்துவிடும். இது கரையவில்லை.

நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு அட்டவணை எழுதுவது அவர் வேலை. அதனால் வந்த பெயர் பட்டியல்காரர். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். அந்த வீட்டில் வெளிச்சம் விழும் அறை ஒன்றே ஒன்று. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். பிற்பகலிலிருந்து பொழுது சாயும்வரை அதன் இலைநிழல் தரையெல்லாம் தண்ணீர்போல அலையும். அந்த அறையில் பட்டியல்காரரின் சாய்வு நாற்காலி, இரண்டு அலமாரிகள், மிச்ச இடத்தில் அவருடைய கொட்டாவிகள். தையல் மிஷின் கிடந்ததோ இருட்டு நடையில். ஊசியில் நூல் கோக்க அவள் ஒவ்வொரு முறையும் வாசல்வரை போய்வர வேண்டும்.

அங்கே சும்மாதானே படுத்திருக்கிறீர்கள் என்று பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்டுவந்தாள். நியாயமான கேள்விக்குப் பதில் கிடையாது. ஆகவே அவர் ஒரு வேலையைக் கற்பித்துக்கொண்டார்.

நூலகத்தில் கழித்துக்கட்டிய லேப்டாப் ஒன்று அதற்குக் கைகொடுத்தது. பாடப்புத்தகம் அளவுதான் இருக்கும். அடுத்த வீட்டுக் கணினி டீச்சர் அதைத் திறந்து பார்த்து, கிழட்டு மாட்டுக்குப் பார வண்டி ஆகாது என்று சொல்லி, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற லேசான இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்தாள். முகம் தெரியாதவர்கள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் இசையை எப்படி இறக்குவது என்றும் காட்டினாள்.

காட்டியதுதான் தாமதம். ஒரே மாதத்தில் நாலாயிரம் பாட்டு சேர்ந்துவிட்டது. யாரோ ஒருத்தி ஆற்றுப் பாலத்தடியில் நின்று ஊதிய குழல். பின்னால் படகுத் துடுப்பின் சத்தம்கூட விழுந்திருந்தது. மூடிய கடைகளுக்கு நடுவே ஒரு கிழவர் வாசித்த வயலின். புரியாத மொழியில் பத்துப்பேர் பனியைப் பற்றியோ பிரிவைப் பற்றியோ சேர்ந்து பாடியது. பட்டியல்காரர் கண்ணை மூடிக் கேட்பார். அறை மெல்லக் கரையை விட்டு விலகும் தோணியாகும். ஆளைக் காணவில்லை என்று யாராவது தேடினால், நாற்காலியில் உடம்பு மட்டும் இருக்கும்.

அந்த மாதம் முடிந்ததும் அவர் அறிவித்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் எண் போட வேண்டும். வாத்தியம், நடை, நீளம் எல்லாம் பார்த்துக் கோப்புறை பிரிக்க வேண்டும். நாளைக்கு மூன்று பாட்டு வீதம் நாலு வருஷம் ஆகும். அதுவரை ஜன்னலறையில் மிஷின் சத்தம் ஆகாது.

“அப்படியாங்க. பெரிய வேலைதான்” என்றாள் மனைவி.

அவள் சண்டை போடவில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

தம் கோட்டைக்கு அவர் கடவுச்சொல்லும் போட்டார். அதில்தான் கோளாறு. லினக்ஸின் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லை அடித்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. எத்தனை எழுத்து அடித்தோம், எது விட்டோம் என்று புரியாது. எதையும் சரிபார்த்துப் பழகிய மனிதர் என்ன செய்வார்? ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். நடையில் மனைவி பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நூலகத்திலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறப்பார். பாட்டைத் தொடங்கும் முக்கோணத்தை அழுத்துவார். எந்தப் பாட்டு வருகிறதோ வரட்டும், எல்லாம் அதன் சித்தம் என்று விட்டுவிடுவார். அதுவும் அவர் மனசறிந்து பாடியது. ஒருநாள் துள்ளலாகக் கொட்டுச் சத்தம் வந்தது. உடம்பில் ஏதோ முறுக்கேறி, மனைவி தயங்கித் தயங்கிக் கேட்ட பெட்டியைப் பரணிலிருந்து ஒரே மூச்சில் இறக்கிவைத்தார். இன்னொரு நாள் ஊர்வலம் போவதுபோல ஒரு பாட்டு. தாளத்தோடு தாளமாக ஓர் அலமாரி இரண்டடி நகர்ந்தது. மழைக்காலத்துக்கென்றே செய்ததுபோல நீளமாக ஒன்று வந்த அன்று, கொடித்துணி முழுவதையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். கடைசியில் அந்தக் குழல் வரும். அது வந்தால் அவர் இளகிய வெண்ணெய். வாசற்படியில் நின்று மனைவி எதையோ கேட்பாள். அவர் துடுப்புச் சத்தத்தின் நடுவிலிருந்து “ம்” என்பார்.

இசை மனிதனை எவ்வளவு நல்லவனாக ஆக்குகிறது என்று நூலகத்தில் எல்லாரிடமும் சொல்லிவந்தார்.

முதலில் இஸ்திரி மேசை உள்ளே வந்தது. பிறகு நூல்கண்டுப் பெட்டி. அப்புறம் அளவெடுக்கும் கண்ணாடி. எல்லாவற்றையும் தூக்கிவந்தது அவரேதான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் திறந்தபோது, இலைநிழலைக் காணோம். மேலே பார்த்தார். ஒட்டடை. பக்கத்தில் பார்த்தார். செருப்பு வைக்கும் பலகை. அவரும் நாற்காலியும் லேப்டாப்பும் நடையில் இருந்தார்கள். ஜன்னலருகே தையல் மிஷின் குருவிபோலக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் திரையைக் கவனித்தார். திரையில் பாட்டு ஓடும் பெட்டியின் இடதுபக்கத்தில் எப்போதும் மூடிக்கிடக்கும் பகுதி இன்று விரிந்திருந்தது. அதில் வரிசையாகத் தொகுப்புகள். அவர் போட்ட எண்கள் அல்ல, தமிழில் பெயர்கள். ‘பரண் ஏற’ என்று பன்னிரண்டு பாட்டு. ‘அலமாரி நகர்த்த’ என்று ஏழு. ‘துணி மடிக்க’ என்று இருபது. ‘ம் சொல்ல’ என்று ஒன்றே ஒன்று.

பட்டியல்காரர் அதை மூன்றுமுறை படித்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவான பட்டியலை அவர் பார்த்ததில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலறை வாசலில் போய் நின்றார். கடவுச்சொல் எப்படித் தெரியும் என்றார்.

“நீங்க அதை ஓதுறது தெருமுனை வரைக்கும் கேக்குதுங்க” என்றாள், காலை மிதியிலிருந்து எடுக்காமல். காலையில் அவர் போனதும் டீச்சரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாளாம். அவர் போட்ட எண்ணில் ஒன்றைக்கூடத் தொடவில்லையாம். தொகுப்பு என்பது வெறும் பட்டியல்தானே, பாட்டு இருந்த இடத்தில் அப்படியே இருக்குமாமே.

“என்னை வெச்சு வேலை வாங்கியிருக்கே.”

“பாட்டு வாங்குச்சு. நான் கேட்டேன், நீங்க ம்னீங்க. வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே மிஷினை நடைக்குத் தூக்கிடலாம். இந்தப் பக்கம் பிடிங்க.”

அவள் நிஜமாகவே எழுந்து நின்றாள். பட்டியல்காரர் லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து இரும்புக் காலைப் பிடித்தார். பிடித்தவர் தூக்கவில்லை. பட்டியலின் அடியில் இன்னொரு தொகுப்பு இருந்தது அவர் நினைவில் உறுத்தியது. எல்லாவற்றையும்விட நீளமானது. முந்நூறு பாட்டு. பெயர், ‘எனக்கு’.

நாலாயிரம் பாட்டுக்கும் நடை, நீளம் பார்க்கக் கிளம்பியவர், அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு நூல் அறுந்தாற்போல இருந்தது. இரும்புக் காலை விட்டுவிட்டு, அதை நான் கேட்கலாமா என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அது எதற்கு உங்களுக்கு என்றாள் அவள். அவர் கெஞ்சினார்.

“கேளுங்க. ஆனா கையில வேலையோட கேக்குற பாட்டுங்க அது. சும்மா உக்காந்தா பிடிபடாது” என்று ஒரு கூடையை அவர் கையில் கொடுத்தாள்.

கூடையில் வெள்ளைச் சட்டைகள். அவர் மிஷின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. அவசரமில்லாத பாட்டு, ஏறும், நின்று மூச்சுவிடும், இறங்கும். ஊசியும் கூடவே ஏறி இறங்கியது. இலைநிழல் சட்டைகளின்மேல் ஓடியது. ஒரு பாட்டுக்கு ஒரு பொத்தான் சரியாக முடிந்தது. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் அறியாத ஒருத்தியின் மனசுக்குள் நுழைந்துவிட்டோம், ஜன்னலறையும் கையைவிட்டுப் போகவில்லை என்று தோன்ற, அவர் கண் லேசாகக் கலங்கியது. மனைவி நிமிராமல் தைத்தாள்.

இருபதாவது பொத்தானில் அடுத்த வீட்டு டீச்சர் மகளின் சட்டையை வாங்க உள்ளே வந்தாள். தரையில் இருந்தவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

“பேரை மாத்தினாப் போதும், மனுஷன் தானா வந்து உக்காருவாருன்னு நீங்க சொன்னப்ப நான் நம்பலக்கா” என்றாள். “நேத்துவரைக்கும் இது ‘பொத்தான் தைக்க’ன்னுதானே இருந்துச்சு?”