பால் பையும் நலக் கூட்டணியும்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை ஜெயகிருஷ்ணன் அவர்களுக்கு,

டில்லி முனிர்காவிலிருந்து உங்கள் மாமனார் பாலசுப்ரமணியம் எழுதுவது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். நேற்றுக் காலை குடியிருப்பே திரண்டு வந்து அதைச் சரிபார்த்துவிட்டது. அங்கு கோவையில் நீங்களும் என் பெண் உமாவும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் பக்கத்து வீட்டுப் பட்டாபிக்குச் சுவர் வழியாகக் கேட்கும் என்பதால் கடிதம்.

உங்கள் அத்தை போன பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டீர்கள், மறுத்தேன். இப்போது வருகிறேன். டிக்கெட் எடுத்துவிடுங்கள். இங்கே ஒரு மனிதனை நிம்மதியாகத் தனியாக இருக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

குடியிருப்போர் சங்கம், தமிழ்ச் சங்கம், சர்ச்சுக்குப் போகும் நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்து 'அக்கம்பக்க நலக் கூட்டணி' என்று ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். கூட்டணி என்றாலே எனக்குத் தொகுதிப் பங்கீடுதான் ஞாபகம் வரும். இவர்கள் பங்கு போட என்ன இருக்கிறது, என் வீட்டைத் தவிர? கீழ்வீட்டு நர்ஸ் டெல்பின் வாராவாரம் வந்து, "அங்கிள், கையக் குடுங்க, பிரஷர் பாத்துருவோம், ஃப்ரீதான்" என்கிறாள். ஃப்ரீ என்று சொல்லி யாராவது கையைப் பிடித்தால் நான் முதலில் மோதிரத்தைத்தான் பார்த்துக்கொள்வேன். விஜிலன்ஸ் பிரிவில் தலை நரைத்தவன் இல்லையா? அதோடு விட்டார்களா என்றால் இல்லை, தனியாக இருப்பவர்களின் பால் பையை வேறு கண்காணிக்கிறார்களாம். உங்களுக்குத் தெரியும், மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவேன், பால்கார 'பையா' (இந்தியில் அண்ணன்) பாக்கெட்டைப் போடுவான், இழுத்துக்கொள்வேன். எட்டு மணிக்கு மேலும் பை தொங்கினால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமாம், ஓடி வருவார்களாம். எங்கள் மாடிக்குப் பொறுப்பு யார் தெரியுமா? பட்டாபி. என் பேப்பரை எனக்கு முன்னால் படித்துவிட்டு மடிக்காமல் போடுகிற அதே பட்டாபி. அவரும் என்னைப் போல ஒற்றை ஆள்தான், ஆனால் என்னை மட்டும் எதற்கு இப்படிக் கவனிக்க வேண்டும்?

ஆகவே நேற்று ஒரு சோதனை வைத்தேன். பையை இழுக்காமல் விட்டுவிட்டு, பீரோவில் சாவியைத் தொங்கவிட்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எட்டு அடித்ததுதான் தாமதம், பட்டாபி கதவைத் தட்டுகிறார், "ஓய், பாலு! வாயைத் திறந்து பேசும்யா!" என்று கத்துகிறார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுஷ்மா, "பையா, ஜல்தி, ஜல்தி!" என்கிறாள். பையா தோளால் இடித்த இடியில் தாழ்ப்பாள் போச்சு. உள்ளே வந்தவர்கள் பீரோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பெரிய சந்தேகமே அதில்தான். இவ்வளவு கைதேர்ந்தவர்களை நான் சர்வீஸில் கண்டதில்லை. டெல்பின் திரையை விலக்கி என் நாடியைப் பிடித்தாள். பட்டாபி கட்டிலில் உட்கார்ந்து அழுதார். நல்ல நடிப்பு. அழுத கண்ணோடு என் டிகாஷனில் காபி போட்டும் குடித்தார்.

இனி இங்கே இருக்க முடியாது. முருகன் அருளால் நீங்கள் எல்லோரும் நோயின்றி, தாழ்ப்பாளோடு வாழ ஆசீர்வதிக்கும்,
பாலசுப்ரமணியம்

பின்குறிப்பு: இன்று காலை உறையை ஒட்டப் போகும்போது பால்கனியில் பார்த்தேன். பட்டாபியின் பை கீழே தொங்குகிறது, பாக்கெட்டைக் காக்கை கொத்துகிறது. மணி எட்டரை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தட்டினேன், கத்தினேன், பதில் இல்லை. பையா வரும்வரை பொறுக்காமல் நானே இடித்தேன்; தோள் வீங்கியிருக்கிறது, அவர் தாழ்ப்பாளும் போச்சு. உள்ளே திரைக்குப் பின்னால் பட்டாபி, கையில் காபி டம்ளரோடு நிற்கிறார். "நீர் வருவீரா மாட்டீரான்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, ஓய்" என்றார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டும்போதே அழுகை வந்துவிட்டது. என்னுடையது நடிப்பில்லை.

டிக்கெட் எடுக்க வேண்டாம், மாப்பிள்ளை. பட்டாபி துளியும் நம்பத்தக்க ஆளில்லை. தினமும் காலையில் யாராவது அவரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.