அம்மாவின் விரல்களை நான் வெளுத்த கதை

“விரல்கள் மாசு மறுவின்றி இருத்தல் வேண்டும்.”

சென்ற ஆவணியின் முதல் ஞாயிறன்று, நேரமும் குறித்துக் கையொப்பமும் இட்டு நான் எழுதிய ‘கப்பல் பயணத்துக்கான முன்னேற்பாடுகள்’ என்ற குறிப்பில் உள்ள வாக்கியம் இது. கையொப்பம் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. (மளிகைச் சீட்டுக்கும் தேதி போடுகிற ஆள் நான். என் மனைவி கலா அந்தக் கையொப்பத்தைப் பார்த்துவிட்டு, “கவர்னரு ஐயா, சீல் குத்தலையா?” என்று கேட்டாள்.)

பயணம் போக வேண்டியவர் அம்மா. அவருடைய ஒரே தங்கை, என் சின்னம்மா, தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் இருக்கிறார். இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார், இங்கேயே இருக்கிறவர்கள் யார் என்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களைக் குடியுரிமைக் காகிதங்கள் பிரித்த காலத்தில், பதினாறு வயதுச் சின்னம்மா ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனார். அன்று அம்மா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. தலைவலி என்று லயத்து வீட்டிலேயே படுத்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இப்போது சின்னம்மாவின் கடைசி மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம்.

“இந்தத் தடவ நா முன்னாடி போய் நிக்கணும் தம்பி,” என்றார் அம்மா. “பிளேன் வேணாம். அவ கப்பல்ல போனா. நானும் கப்பல்லயே போறேன்.”

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. எனவே நான் படிக்கத் தொடங்கினேன். டிக்கோயாவிலிருந்து ஒருநாளும் கடலைத் தாண்டாத நான், உல்லாசக் கப்பல்களில் உலகம் சுற்றியவர்களின் அறிவுரைகளை எல்லாம் படித்து முடித்தேன். கடவுச்சீட்டின் பிரதிகளை மூன்று இடங்களில் வை. மருந்தைப் பெரிய பெட்டியில் போடாதே, டாக்டர் எழுதித் தந்த துண்டோடு கைப்பையில் வை. போன் செத்துப்போகும், நம்பர்களைக் காகிதத்தில் எழுது. பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பார். (மரக்கறிக் கடைத் தராசில் நிறுத்தேன். கடைக்காரர் கிலோ என்ன விலை என்று கேட்டார்.) இவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

கடல் மயக்கத்துக்கு ஒத்திகையும் வைத்தேன். தலவாக்கலை வழியாகப் பூண்டுலோயா போகும் பஸ்ஸில், கடைசி சீட்டில், அம்மாவை உட்காரவைத்தேன். அந்த வளைவுகளைத் தாங்குகிறவர் எந்தக் கடலையும் தாங்குவார் என்பது என் கொள்கை. அம்மா வழி முழுக்க வறுத்த கச்சான் கடலை தின்றுகொண்டு வந்தார். பாதி வழியில் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குடலைக் காலி செய்தேன். என் நெற்றியை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கச்சானை வாயில் போட்டபடி, “நீ வேணும்னா பிளேன்ல வா தம்பி,” என்றார்.

மிச்சம் இருந்தது கடவுச்சீட்டு. இருவருக்கும் எடுக்க வேண்டும். அதற்கு நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தில் கைரேகை கொடுக்க வேண்டும். மையெல்லாம் இல்லை, கண்ணாடியில் விரல் வைத்தால் மெஷின் வாசிக்கும் என்று படித்திருந்தேன். என் பார்வை அம்மாவின் கைகளில் விழுந்தது.

அம்மா காலையில் பேர் கொடுத்துப் பெரட்டுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவார். விரல் நுனிகளில் தேயிலைச் சாறு காய்ந்து, வெடிப்புகளில் கறுப்புக் கோடுகளாக இறங்கியிருக்கும். அந்தக் கைகளை நான் கண்ணாடியில் வைத்துக் கற்பனை செய்து பார்த்தேன். மெஷினுக்காகக் கவலைப்பட்டேன் என்றுதான் அன்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்களே என்று கவலைப்பட்டேன்.

தேயிலை மலைக்குப் போகக்கூடாது என்று தடை போட்டேன். தினமும் மாலையில் தேசிக்காய்ச் சாறு, உப்பு, சலவைத் தூள், கடைசியாகக் குதிகால் தேய்க்கும் கல். ஒவ்வொரு விரலாகத் தேய்த்தேன்.

“தம்பி, இது அழுக்கு இல்லடா. தோலு.”

“கொஞ்சம் பொறுங்கம்மா. வெளிநாடு போறதுன்னா லேசா?”

“ஏங்க, அத்தைய கப்பல்ல அனுப்பப் போறீங்களா, கழுவிக் காயப்போடப் போறீங்களா?” என்றாள் கலா.

ஒரு வாரத்தில் அம்மாவின் விரல்கள் பிறந்த குழந்தையின் விரல்கள்போல ரோஜா நிறத்தில் வழவழவென்று ஆகின. பெருமையாக இருந்தது. (படமும் எடுத்து வைத்தேன். தேதியுடன்.)

நுவரெலியாவில் அன்று காலைப் பனியில் எதிரே நிற்பவர் தெரியவில்லை. அலுவலகத்தில் இருந்தவர் ஓர் இளம்பெண். சிங்களவர், நன்றாகவே தமிழ் பேசினார். முதலில் நான் வைத்தேன். ஒரு வேலையும் செய்யாத என் பத்து விரல்களும் ஒரே அழுத்தத்தில் பதிந்தன. அடுத்து அம்மா வைத்தார். திரையில் வெள்ளை. கண்ணாடியைத் துடைத்தார்கள். மறுபடியும் வெள்ளை. ஈரத் துணியால் விரலை ஒற்றி, அந்தப் பெண்ணே பிடித்து அழுத்தினார். திரையில் அன்றைய நுவரெலியா மாதிரி வெறும் பனி.

“அம்மா, கைக்கு என்ன போட்டீங்க?”

“நா ஒன்னும் போடலீங்க மிஸ். எல்லாம் மகன்தான் போட்டாரு.”

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் வெடிப்பு, கறை, மெஷின் என்று விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார்.

“தோட்டத்து அம்மாமார் எல்லாரும் கறையோடதான் வாறாங்க. நாலு தடவ அழுத்தினா விழுந்துரும். உங்க அம்மாக்கு அழுத்த ஒன்னுமில்லையே,” என்றார். “தோல் வளரட்டும். பிறகு கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி மேல எழுதிப் போடணும், அதுக்கும் நாள் போகும்.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “ஏம்ப்பா, ஒங்கம்மா பேங்கு கீங்கு உடைச்சிருச்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பஸ்ஸில் நானுஓயா தாண்டும்வரை சிரித்த முகமாகவே இருந்தார். பிறகு சேலைத் தலைப்புக்குள் கைகளை மறைத்துக்கொண்டு, “அப்ப ஐப்பசிக்கு முடியாதா?” என்று கேட்டார்.

தோல் வளர்வதற்காகக் காத்திருந்தோம். நான் மட்டும் போய்வரலாமா என்று கேட்டேன். “ஒன்ன மட்டும் பாத்தா அவளுக்கு இன்னும் கோவம் வரும்,” என்று அம்மா மறுத்துவிட்டார். சின்னம்மாவுக்குப் போன் செய்யும் பொறுப்பையும் நானே ஏற்றேன். தேசிக்காய் முதல் திரையின் வெள்ளைவரை ஒழுங்காக எடுத்துச் சொன்னேன்.

“ரேகை அழிஞ்சு போச்சா?” என்றார் சின்னம்மா. “ஏன்டா, என்னைய ரயிலேத்துன அன்னைக்கு ஒங்கம்மாவுக்குத் தலவலி. எம் மக கல்யாணத்துக்கு ரேகை அழிஞ்சு போச்சு. வர இஷ்டமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன். எதுக்குடா விரலுக்கு மேல பழி போடுறீங்க?”

“இல்ல சின்னம்மா, சத்தியமா நான்தான் கல்லால தேச்சேன்...”

“பெத்த தாயி கைய எவனாச்சும் கல்லால தேப்பானா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா.”

போன் துண்டிக்கப்பட்டது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன உண்மை வேறில்லை. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

கல்யாணத்தை வீடியோ அழைப்பில் பார்த்தோம். லயத்தில் சிக்னல் இல்லை. பட்டுச்சேலை கட்டிய அம்மாவும் குடை பிடித்த நானும் மழையில் மேட்டுக்கு ஏறினோம். தாலி கட்டுகிற நேரத்தில் படம் உறைந்தது. மாப்பிள்ளையின் கை பாதியில் அப்படியே நின்றது. அம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி அந்தப் படத்துக்கு ஆசீர்வாதம் செய்தார்.

இரண்டாம் முறை போனபோது ரேகை விழுந்தது. அம்மாவின் கடவுச்சீட்டு கார்த்திகையில் கைக்கு வந்தது. அதற்குள் மழைக்காலம் என்று கப்பல் நின்றுவிட்டது. பிறகு கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது; தங்கை ஒரு வார்த்தை பேசாமல் ஏற அம்மாவுக்கு மனமில்லை. அம்மா வாரந்தோறும் போன் போடுகிறார். சின்னம்மாவின் மகள்தான் பேசுவாள். “அம்மா குளிக்கிறாங்க பெரியம்மா.” எப்போது போட்டாலும் சின்னம்மா குளித்துக்கொண்டிருக்கிறார். துறையூரில் அவ்வளவு தண்ணீர் இருப்பதாக நான் எங்கும் படித்ததில்லை.

அவள்தான் போன மாதம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர்கள் வீட்டில் இப்போது அது சொல்லிச் சிரிக்கிற ஒரு பகிடியாம். புதுமாப்பிள்ளை கடைக்குப் போகச் சோம்பினால், “ஏன், ரேகை அழிஞ்சு போச்சா?” சீட்டுப் பணம் கட்டாதவருக்கும் அதே கேள்வி. “தெருவே சொல்லுதுண்ணே.”

“சின்னம்மா? அவங்களும் சிரிக்கிறாங்களா?” என்று கேட்டேன்.

“அம்மா வர்றாங்கண்ணே, வச்சிர்றேன்,” என்றாள்.

அருகில் இருந்த அம்மாவுக்கு அந்தப் பகிடியே போதுமாக இருந்தது. தங்கை சிரிக்கிறாள், சிரிக்கிறவள் என்றைக்காவது போனை எடுப்பாள் என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சின்னம்மா சிரிக்கிறார் என்ற தகவல் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.